“கொஞ்சம் பஞ்ச்சா எழுதுங்க”

தோள்பை தயாரிக்கும் சின்னக் குழு எங்களுடையது. புதிய பை ஒவ்வொன்றையும் படம் பிடித்துச் சமூக ஊடகங்களில் போடுவோம். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதத்தான் ஆள் இல்லை. ஃப்ரீலான்ஸாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, ஆள் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான்கு பேருக்கு ஒரே படத்தை அனுப்பி, ஆளுக்கு மூன்று கேப்ஷன் கேட்டேன். அதற்குப் பணமும் கொடுத்தோம். மாதிரிதானே என்று சும்மா எழுதி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் உழைப்புதான். மூன்று பேர் மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நான்காமவர் ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பையோட அடிப்பக்கம் எப்படி இருக்கும் மேடம்? படத்துல தெரியலையே.” அவரையே வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் சரியாகப் போகவில்லை. அவர் எழுதி அனுப்புவார். நான் “கொஞ்சம் பஞ்ச்சா எழுதுங்க” என்பேன். மாற்றி அனுப்புவார். எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள், ஒன்றுக்கொன்று முரணாக. ஐந்தாவது வடிவத்தில் பையையே காணோம். ‘நேர்த்தி’, ‘தரம்’, ‘கனவு’ என்ற சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. அன்று அவரே போன் செய்தார்.

“பஞ்ச்னா நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குப் புரியல மேடம். இதைத் தைக்கிறவர் எந்த இடத்துல கஷ்டப்படுறார்? அதைக் கேட்டுச் சொல்லுங்க, போதும்.”

தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பார்த்ததையெல்லாம் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். திரும்பி வந்தது இது:

“வார் பையோடு சேரும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. அங்கே மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கிறோம்.”

ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. அதன் பிறகு “பஞ்ச்” என்ற சொல்லை அவரிடம் சொன்னதே இல்லை. திருத்தங்களை ஒருவர் மட்டும் தொகுத்து ஒரே தடவையில் அனுப்புவது என்றும் வைத்துக்கொண்டோம்.

அவரிடமிருந்து நான் தெரிந்துகொண்டவையும் உண்டு. இன்ஸ்டாகிராமில் 2,200 குறிகள் வரை எழுத இடம் இருந்தாலும், போனில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிக்கொள்ளும். அதனால் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே வைப்பார். எக்ஸ் தளத்தின் 280 குறிகளில் தமிழுக்கு இன்னும் நெருக்கடி. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரத்தின் கொக்கி, ழ, மேலே ஒரு புள்ளி. நான் எழுத்தை எண்ணி அனுப்பியதெல்லாம் ஏன் அளவை மீறியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் ஆல்ட் டெக்ஸ்ட். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் படக்குறிப்பு அது. கேப்ஷனையே அங்கேயும் ஒட்டிவிடலாமே என்றேன். மறுத்துவிட்டார். படத்தில் இருப்பதைச் சொல்வது அது, படத்தில் இல்லாததைச் சொல்வது கேப்ஷன் என்றார். இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறார். நாங்களும் தனித்தனியாகவே பணம் கொடுக்கிறோம்.

போன மாதம் ஒரு புதிய பைக்கு ‘நீர் புகாது’ என்று குறிப்பு அனுப்பியிருந்தேன். எழுதவில்லை. “சோதிச்சுப் பார்த்தீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டிருந்தார். துணி விற்றவர் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். பைக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, குழாயடியில் பிடித்தோம். துணி தாங்கியது. ஐந்து நிமிடம் கழித்து ஜிப்பைத் திறந்தால், தாளின் மேல் மடிப்பு ஈரம்.

அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கேப்ஷன் வந்தது: “தூறலுக்குத் தாங்கும். பெருமழையில் ஜிப் வழியாக நீர் இறங்கும். உள்ளே மடிக்கணினி இருந்தால் மேலே ஓர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.”

அப்படியே போட்டோம். உறையும் தைக்கத் தொடங்கியிருக்கிறோம்.