மதினி தந்த சோள மாவு

கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எனக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிடும், காதுமடல் கொதிக்கும். ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாமை: கருவாட்டிலும் புளித்த உணவிலும் சேரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் எனக்கு ஆகாது. குடலில் ஹிஸ்டமினை உடைக்கும் டிஏஓ நொதி போதவில்லை என்றால் இப்படித்தான்.

போன வாரம் மதினி ஒரு பாக்கெட்டோடு வந்தார். மக்காச்சோள ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச், அதாவது எளிதில் செரிக்காத மாவுச்சத்து. "மோர்ல கலக்கிக் குடி, வயிறு சுத்தமாயிரும்" என்றார். மாவில் எனக்குப் பயம் இல்லை, மோரில்தான். சோள மாவு காய்ந்த, சுத்திகரித்த பொருள், அதில் ஹிஸ்டமின் சேர வழி குறைவு. மோரோ புளித்தது! ஆறின வெந்நீரில் கலக்கிக்கொண்டேன். ருசி ஒன்றும் கிடையாது, நாக்கில் சுண்ணாம்புப் பொடி மாதிரி நிற்கிறது.

மதுரை கீழமாசி வீதியில் கிலோ கணக்கில் கிடைக்கும் கார்ன்ஃப்ளார் இது இல்லை. அது சிறுகுடலிலேயே செரித்து சர்க்கரையாகிவிடும். இது அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை அதிகமான சோளத்திலிருந்து எடுப்பது. பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகி, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாறும். கூடவே வாயுவும் வரும், அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. அதனால் அரை டீஸ்பூனில் ஆரம்பித்தேன்.

ஆறிய சோற்றிலும் இந்த மாவுச்சத்து கொஞ்சம் உருவாகும். "அப்ப பழைய சோறு சாப்பிடு" என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளித்தது எனக்கு ஆகாதே! வடித்து ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் சரி. சிவப்புத் தடிப்பை இந்த மாவு குணமாக்கும் என்று மட்டும் நான் நம்பவில்லை. கருவாட்டை இன்னும் தொடவில்லை.