மதினி கட்டிய பிச்சிப்பூ

செங்கோட்டை வீட்டுத் திண்ணையில் இன்று காலை மதினி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். நார் படுவது வலக்கை விரல்களுக்குத் தெரியாததால், ஒவ்வொரு முடிச்சையும் கண்ணால் பார்த்தே இறுக்கினார்.

மதினிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மையலின் என்னும் காப்புறையை அரிக்கும் நோய்.

நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்களே முதன்மைக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஸ்டீபன் ஹவுசர் இன்னொரு வகையான பி செல்களின் பங்கை விடாமல் தேடினார். பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்த, 2017இல் அதே வகையான ஆக்ரெலிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அவ்வகை மருந்துக்காகவே மதினி ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் சென்றுவருகிறார்.

பெற்றோர் செய்த பாவம் என்று அவர் காதுபடப் பேசும் உறவினர்களே, இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் 200க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் எந்த ஒன்றும் தனியே நோயைத் தருவதில்லை.