நீலம்

ஜூன் 9
தம்பிக்கு இன்று கிட்னி பயாப்சி. குப்புறப் படுக்கவைத்து இரண்டு துண்டு எடுத்தார்கள். அப்புறம் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்தான். முதல் தடவை சிறுநீரில் ரத்தம் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை.

ஜூன் 10
கிரியேட்டினின், கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு, 2.1. போன மாதம் 1.8.

ஜூன் 12
தூக்கம் வரவில்லை. 11 வருடமாக யார் யாருடைய கிட்னித் துண்டுக்கோ சாயம் ஏற்றுகிறேன். மேசன் ட்ரைக்ரோம் போட்டால் தழும்பு நீலமாக வரும். நல்ல கிட்னியில் சிறுநீர் ஓடும் நுண்குழாய்கள் நெருக்கியடித்து இருக்கும், நடுவில் நீலம் நூலளவுதான். கெட்டதில் குழாய்கள் சூம்பி, எங்கும் நீலம்.

அடிபட்ட குழாய்ச் செல் தன்னைச் சரிசெய்யத்தான் இரண்டாகப் பிரியப் பார்க்கிறது. திரும்பத் திரும்ப அடிபட்டால் சில செல்கள் பிரியும் தறுவாயிலேயே நின்றுவிடும். சாகவும் சாகாது. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். நுண்ரத்தக்குழாயை அணைத்துப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் அந்த அழைப்பில் பிடியை விட்டு வந்து, தழும்பு போடும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டும். பிடி போன ரத்தக்குழாய் அழியும். ஆக்சிஜன் குறையும். பக்கத்துக் குழாய் அடிபடும். மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பெரிசைட்டுகள் அங்கேயே இருந்திருக்கக் கூடாதா?

ஜூன் 13
அம்மா மணிக்கட்டைக் காட்டினாள். தோசைக்கல் சுட்ட இடம். "இது மங்கிப் போச்சே, உள்ள இருக்கிறதுக்கு மட்டும் மருந்து இல்லையா?" லோசார்டன், டபாக்லிஃப்ளோசின் எல்லாம் வேகத்தைக் குறைக்கும் என்றேன். கரைக்குமா என்று மறுபடி கேட்டாள். சர்க்கரை நோயால் கெட்ட கிட்னிக்கு டிஜிஎஃப்-பீட்டாவையே தடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. பால் பொங்குது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14
தழும்பு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25ஐத் தாண்டக் கூடாது.

ஜூன் 15
ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான், ரத்தத்தை வடிகட்டும் அலகுகள். ஊசியில் வந்தது இருபதோ முப்பதோ. மோசமான மூலையில் குத்தியிருந்தால்? நல்ல மூலையில் குத்தியிருந்தால்?

ஜூன் 16
அவனுடைய ஸ்லைடை என்னைத் தொடவிடவில்லை. சரிதான். ஆனால் காய வைத்திருந்த தட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

ஜூன் 17
ஐஜிஏ நெஃப்ரோபதி, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னியில் படியும் நோய். டி1, அதாவது 25ஐத் தாண்டிய படி. தழும்பு 35 சதவீதம்.

ஜூன் 19
ஊறுகாய் ஜாடியைத் தம்பியே எடுத்துப் பரண்மேல் வைத்தான். இன்று பிரஷர் 138/86. திங்கட்கிழமை காலை மறுபடி கிரியேட்டினின்.