பௌமன்வில் ஆற்றில் சல்மன்: வீணாய்ப் போன முதல் நாள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மீன்பிடிக்கத் தேவையான அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை, மீன்பிடி லைசென்ஸ் இரண்டும் இணையத்திலேயே கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டன. பிழை நடந்தது அதற்குப் பிறகுதான்.

தூண்டில் சாமான் வாங்கிய கடையில், ஒக்டோபரிலும் சல்மன் பிடிக்கலாமா என்று கேட்டேன். ஒன்ராறியோ ஏரியில் விழும் பௌமன்வில் ஆறு திறந்துதான் இருக்கிறது, யோசிக்காமல் போகலாம் என்றார்கள். விடிய ஐந்து மணிக்கே மச்சானோடு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டேன். பௌமன்வில் நகரத்துக்கு வடக்கே, சனமே இல்லாத ஒரு மடு. முதுகு தெரிய மீன்கள் நின்றன. தூண்டில் முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தபோது நாயோடு நடக்க வந்த ஒருவர், "இந்தப் பகுதி செப்டெம்பர் 30 உடன் மூடியாச்சே" என்றார். நம்பாமல் போனில் ஒன்ராறியோ மீன்பிடி விதிகளைத் திறந்தேன். அவர் சொன்னது சரி.

விஷயம் இதுதான். இந்த ஆறு அடங்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் சல்மன், டிரவுட் பருவம் ஏப்ரல் நாலாம் சனிக்கிழமை தொடங்கி செப்டெம்பர் 30 வரை. ஏரிக்குக் கிட்டவுள்ள கீழ்ப்பகுதிகளுக்கு மட்டும் கூடுதல் காலம் உண்டு. அது எந்தப் பாலம், எந்த வீதி வரை என்பது வலயப் பக்கத்தின் கடைசியில், ஒவ்வொரு ஆற்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். கடையில் சொன்னது அந்தத் துண்டுக்கு மட்டுமே பொருந்தும். அந்தப் பட்டியலை வாசிக்காமல் காரை எடுக்காதீர்கள். ஆற்றின் மேற்பகுதி சரளைக் கற்களில் மீன்கள் முட்டையிடும் இடம், மூடி வைப்பதும் நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு சனிக்கிழமை போய்விட்டது.

அடுத்த சனி, மழை பெய்து விட்ட மறுநாள், கீழ்ப்பகுதிக்குப் போனோம். தோளோடு தோள் உரசும் கூட்டம். முதலில் மாட்டிய பெரிய மீனுக்கு முள் முதுகில் ஏறியிருந்தது. "வைச்சிருங்கோ தம்பி, ஆர் பாக்கிறது?" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை. வாயில் மாட்டாத மீனை உடனே விடவேண்டும் என்பது சட்டம். விட்டேன். மனம் கிடந்து அடித்தது.

பதினொரு மணிக்கு மிதவை தாழ்ந்தது. சினை இரையை விழுங்கிய மீன், முள் வாய்க்குள். இங்கேயும் அவசரப்படக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒன்ராறியோ ஏரியில் அற்றுப்போன அட்லாண்டிக் சல்மனைத் திரும்பக் கொண்டுவர வருடக்கணக்காகக் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். இந்த வலயத்தில் அதைப் பிடித்து வைத்திருக்க ஆண்டு முழுதும் தடை. மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்தோம். கீழ்ப் பல் முரசு கறுப்பு, வால் முழுதும் புள்ளி: சினூக் என்ற சல்மன் வகை, வைத்திருக்கலாம். அட்லாண்டிக் என்றால் முரசு கறுத்திராது, வாலில் புள்ளியும் இராது.

வெள்ளி நிறம் இன்னும் மாறாத மீன். நிறம் கறுத்துப்போனதைக் கொண்டுவந்தால் சதை வெளுத்துச் சோர்ந்திருக்கும், கறிக்கு ருசிக்காது. அம்மா தலையைக் குழம்புக்கு எடுத்தார். சினையை அடுத்த சனிக்கு இரையாக உப்பிட்டு வைத்திருக்கிறேன்.