பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?

பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டு ஊர்களுக்கு வீடியோ வழியாக மனநல ஆலோசனை தருவது என் வேலை. நான் கடலூரில் உட்கார்ந்திருப்பேன், மருத்துவர் புதுச்சேரியிலிருந்து இணைவார். சேர்ந்த புதிதில், சிக்னல் மட்டும் சரியாகக் கிடைத்தால் போதும் என்று நம்பினேன்.

காரணம் இருந்தது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநலப் பிரச்சினைகளில் பத்துப் பேரில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கணக்கு இப்படி இருக்கும்: டவுனுக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு, துணைக்கு வருபவருடைய கூலியும் போச்சு. அப்புறம் பஸ் ஸ்டாப்பில் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். பலரைத் தடுத்தது இந்த மூன்றாவதுதான். போனிலேயே மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் இந்த மூன்றும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

முந்திரி உடைக்கும் ஓர் அக்கா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாதக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சை அடைக்கிறது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. ஈசிஜியில் ஒன்றும் இல்லை என்றதும் கிராம செவிலியர் எங்களிடம் சொன்னார். திரையில் முதலில் தெரிந்தது அவர் கைகள்தான். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தன.

எது கேட்டாலும் "நல்லா இருக்கேங்க" என்றார். தூக்கம்? "வருதுங்க." மூன்று முறை இப்படியே. முன்னேற்றம் தெரிகிறது என்று கோப்பில் எழுதினேன். அந்த வரியை இன்றும் மறக்க முடியவில்லை.

நான்காவது முறை போன் கொஞ்சம் சாய்ந்தது. பின்னால் சுவரோரம் மாமியார். போனைப் பிடித்திருந்தவர் கணவர். போனே அவருடையதுதான். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, நோயாளி தானாக அழைத்தால் அதுவே சம்மதம். வேறொருவர் அழைப்பைத் தொடங்கினால் நோயாளியிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். நானும் கேட்டிருந்தேன், அவரும் "சரிங்க" என்றிருந்தார். கணவர் போனைப் பிடித்திருக்க, மாமியார் காது கொடுத்திருக்க, அந்தச் "சரி"க்கு என்ன பொருள்?

இரவில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வது வழக்கம். 2022 அக்டோபரில் தொடங்கிய, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். நல்ல சேவை. அந்த அக்கா பிறகொரு நாள் கேட்டார்: "அந்த நம்பரை நான் எதுல அடிக்கிறது மேடம்?"

சரி, போன் அவர் கைக்கு வராது, நாம்தான் ஒரு கதவைத் தேட வேண்டும் என்று புரிந்தது. செவிலியரிடம் பேசி, துணை சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்தோம். தாழ்ப்பாள் போட்டோம். ஒரு ஸ்டூல், ஒரு டேப்லெட், ஓர் இயர்போன். இயர்போன் முக்கியம், எங்கள் கேள்வி வெளியே கேட்காது. பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரலாம், அது பொய்யும் இல்லை. செவிலியர் உண்மையாகவே பிரஷர் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். வீட்டிலிருந்து பேசுகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்பேன்.

தாழ்ப்பாள் போட்ட முதல் நாள் அந்த அக்கா வெகுநேரம் பேசவில்லை. நாங்களும் காத்திருந்தோம். அப்புறம் 'தானே' புயலிலிருந்து ஆரம்பித்தார். 2011 டிசம்பர் 30 விடியலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தது, மறுபடி கன்று வைக்க வாங்கிய கடன், அதிலிருந்து தொடங்கிய குடி, அடி. மருத்துவர் குறுக்கிடவேயில்லை. மாத்திரை எழுதியது அடுத்த வாரம்தான்.

போன மாதம் புது எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். காற்றுச் சத்தம், சருகுச் சத்தம்.

"மேடம், மக வாங்கிக் குடுத்த போனு. தோப்புல இருக்கேன், பக்கத்துல யாருமில்ல. பேசலாமா?"