டாஃபி பாப்

இன்னைக்கு கிளாஸ்கோல மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன மிட்டாய் கடைக்குள்ள போனேன். ஒரு ஆறு வயசு பொண்ணு, கையில இருந்த சில்லறைய ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டு ஒரே ஒரு டாஃபி வாங்கிச்சு. வெளில போறதுக்குள்ள காகிதத்த பிரிச்சு வாயில போட்டுக்கிச்சு.

எனக்கு உடனே அந்தக் கால ஸ்காட்லாந்து ஃபுட்பால் வீரர் பாப் மெக்கால் ஞாபகம் வந்துட்டார்.

குயின்ஸ் பார்க்னு, அப்போ சம்பளமே இல்லாம ஆடின கிளப்ல இருந்து வந்த ஸ்ட்ரைக்கர். ஸ்காட்லாந்துக்கு 13 மேட்ச், 13 கோல்!

1900 ஏப்ரல் 7, செல்டிக் பார்க்ல இங்கிலாந்துக்கு எதிரா ஹாட்ரிக் (ஒரே மேட்ச்ல மூணு கோல்), 4-1ன்னு ஜெயிச்சாங்க, அன்னைக்கு அவருக்கு 24வது பிறந்தநாள் வேற. இத எப்ப நினைச்சாலும் எனக்கு சிலிர்க்கும்.

1901ல நியூகாஸில்ங்கற இங்கிலாந்து கிளப்புக்கு காசு வாங்கி ஆடப் போனார். அப்பவே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து கிளாஸ்கோல மிட்டாய் கடை ஆரம்பிச்சாங்க, அது ஊரெல்லாம் கிளையா பெருகிச்சு, "டாஃபி பாப்"னே பேர் நின்னுடுச்சு.

நடுவுல ரேஞ்சர்ஸ்ங்கற கிளாஸ்கோ கிளப்லயும் கொஞ்ச காலம் ஆடினார். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது 1907 தான். மறுபடியும் அமெச்சூரா மாறி, சம்பளமில்லாத அதே குயின்ஸ் பார்க்குக்கே வந்துட்டார். காசு பாத்த மனுஷன், வேணாம்னு திரும்பி வர்றதுக்கு அந்த கிளப் மேல எவ்ளோ பாசம் இருந்திருக்கணும்.

1910ல அவரோட கடைசி மேட்ச், போர்ட் கிளாஸ்கோ கிளப்புக்கு எதிரா.

அதுல மட்டும் ஆறு கோல் அடிச்சார்.

மழை விட்டதும் நானும் ஒரு டாஃபி வாங்கிட்டு கிளம்பினேன்.