புத்தகயாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

கயா சிராத்தத்துக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்கள், விஷ்ணு பாதமும் அட்சய வடமும் முடிந்ததும் புத்தகயாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பக்கத்து ஊர்தானே, இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். காலையில் அம்மா அப்பாவோடு ஒரு பேட்டரி ரிக்‌ஷா பிடித்து, அவசரமில்லாமல் சுற்றக் கிளம்பினோம்.

பௌத்தம் வாழும் நாடுகளெல்லாம் இந்தச் சின்ன ஊரில் தங்கள் பாணியில் கோயில் எழுப்பியிருக்கின்றன. நாடு மாற மாற புத்தரின் முகமும் மாறுகிறது! 1950களில் நேருவின் அழைப்பை ஏற்று எழுந்த தாய்லாந்துக் கோயிலில் ஒடிசலான முகம், வில்லாக வளைந்த புருவம், உடம்பெல்லாம் தங்க மினுக்கம். பூட்டான் கோயிலுக்குள் புத்தரின் வாழ்க்கைக் கதையைச் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்களாகச் செய்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அப்பா அங்கிருந்து நகரவே இல்லை. ஜப்பானியக் கோயிலோ நேர் எதிர். அலங்காரம் குறைவு, அமைதி அதிகம். அதன் அருகில்தான், 1989இல் தலாய் லாமா திறந்துவைத்த 80 அடிப் பெரிய புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். பிரமாண்டம்தான், ஆனால் என் மனம் பூட்டான் சுவர்களிலேயே நின்றுவிட்டது.

நண்பகலில் இந்தக் கோயில்கள் பலவற்றின் நடையைச் சாத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நைரஞ்சனா ஆற்றைக் கடந்து, புத்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதாவின் நினைவாக நிற்கும் செங்கல் தூபியைப் பார்த்து வரலாம். மழைக்காலம் தவிர, ஆற்றில் பெரும்பாலும் மணல்தான்.

புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் நிற்கும் மகாபோதி கோயிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை வெளியே லாக்கரில் கொடுத்துவிட வேண்டும், அதுவும் நல்லதுக்கே. 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்தச் செங்கல் கோபுரம் 50 மீட்டருக்கும் மேல் உயரம். கருவறையில் பூமியைத் தொட்ட கையோடு பொன்னிற புத்தர். பின்பக்கம் போதி மரம். பழைய மரம் 1876இல் புயலில் சாய்ந்துவிட, பிறகு ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் நட்ட கன்றுதான் இன்று இவ்வளவு பெரிதாகப் படர்ந்திருக்கிறது. மரத்தடியில், புத்தர் அமர்ந்த இடத்தைக் குறிக்கும் அசோகர் காலத்து வஜ்ராசனக் கல்.

“அரசமரம்டா, சும்மா பாத்துட்டுப் போகக் கூடாது” என்று அம்மா சுற்ற ஆரம்பித்துவிட்டார், பிள்ளையார் கோயிலில் சுற்றுவது போலவே. அவருக்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய இலங்கைப் பெண்கள். ஓரத்தில் மரப்பலகைகளின் மேல் விழுந்து விழுந்து வணங்கும் திபெத்தியர்கள். ஒரு மூலையில் பாலி மொழியில் ஓதுகிறார்கள், இன்னொரு மூலையில் திபெத்திய மொழியில். காற்றில் ஓர் இலை உதிர்ந்தால் நாலைந்து பேர் ஓடிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கும் ஒரு இலையை யாரோ கொடுத்தார்கள்.

இரவு ஒன்பது மணிவரை கோயில் திறந்திருக்கிறது. நாங்கள் கடைசிவரை இருந்தோம்.